உங்க காது என்ன சைஸ்?

செருப்புக் கடைக்குப் போனா கடைக்காரர் கேக்குற முதல் கேள்வி, "என்ன சைஸ் தம்பி?" சட்டைக்கும் அதே கேள்விதான், ஹெல்மெட்டுக்கும் அதே கேள்விதான். ஆனா காதுக்குள்ளயே போய் உக்காரப்போற ஒரு பொருளை வாங்கும்போது மட்டும் நாம யாரும் சைஸ் பத்திப் பேசுறதே இல்ல. "பேஸ் எப்படி மச்சி?", "ரெண்டாயிரத்துக்குள்ள எது பெஸ்ட்?", "சார்ஜ் எத்தனை மணி நேரம் நிக்கும்?" இதோட நம்ம ஆராய்ச்சி முடிஞ்சுடும்.

நான் இங்க சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். காதுக்குள்ள சரியா உக்காராத இயர்போனோட சவுண்டைப் பத்தி யாராலயும் தீர்ப்பு சொல்ல முடியாது. ரிவ்யூக்கள்ல ஃபிட்டுக்குத் தனியா மார்க், சவுண்டுக்குத் தனியா மார்க் போடுறாங்க. இன்-இயர் விஷயத்துல அது ரெண்டும் ஒரே சப்ஜெக்ட். ஃபிட்ல அரியர் வெச்சா சவுண்ட்ல பாஸ் ஆகவே முடியாது. இது எனக்குப் புரியறதுக்கு மூணு இயர்போன், 5,297 ரூபாய், ஒரு ஈஎன்டி டாக்டர் எல்லாம் தேவைப்பட்டுச்சு.

(எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டிக்கோங்க.)

கதைக்கு வர்றேன். ஃபர்ஸ்ட் இயர்ல 799 ரூபாய்க்கு ஒரு இயர்போன் வாங்கினேன். ரெண்டே நாள்ல ஒரு சந்தேகம்: லெஃப்ட் சைடு சவுண்ட் கம்மியா இருக்கே? சரி, சீப் பீஸ், அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். செகண்ட் இயர்ல 1,499 ரூபாய்க்கு ரெண்டாவது. அதுலயும் லெஃப்ட் கம்மி. நம்ம ராசி அப்படின்னு நினைச்சேன். தேர்ட் இயர்ல இன்டர்ன்ஷிப் காசு வந்த உடனே 2,999 ரூபாய்க்கு, நாலு ரிவ்யூ பாத்து, ஹாஸ்டல் பசங்க கிட்ட ஒரு வாரம் விவாதம் பண்ணி, மூணாவது வாங்கினேன். அதுலயும் லெஃப்ட் கம்மி!

மூணு கம்பெனி, மூணு விலை, ஒரே குறை. இயர்போன் மேல இருந்த சந்தேகம் மெதுவா என் காது மேலயே திரும்புச்சு. ஃபோன் செட்டிங்ஸ்ல லெஃப்ட்-ரைட் பேலன்ஸ்னு ஒரு ஸ்லைடர் இருக்கும், பாத்திருப்பீங்க. அதை லெஃப்ட் பக்கம் தள்ளி வெச்சேன். வீட்ல யார் கிட்டயும் சொல்லல. இருபது வயசுல காது மந்தம்னு எப்படிச் சொல்றது?

நான் டே ஸ்காலர். காலேஜ் பஸ்ல போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணேகால் மணி நேரம். என் ஸ்டாப்ல ஏறும்போது இன்ஜின் பக்கத்து சீட்தான் மிச்சம் இருக்கும். அந்த உறுமல்ல பாட்டு கேக்கணும்னா வால்யூமை முழுசா ஏத்தணும். ஃபோன் "இந்த அளவு காதுக்கு நல்லதில்ல"ன்னு எச்சரிக்கை காட்டும். ஓகே அழுத்திட்டுப் போயிடுவேன். நீங்களும் அழுத்தியிருப்பீங்க.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு, ஃபிரிட்ஜ் நின்னுச்சு, தெருவே அமைதியாச்சு. அப்போதான் கேட்டுச்சு, இடது காதுக்குள்ள "கொய்ங்"னு ஒரு சத்தம். கரண்ட் வந்த பிறகு ஃபேன் சத்தத்துல அது மறைஞ்சுபோச்சு. மறுநாள் ராத்திரி நானே ஃபேனை ஆஃப் பண்ணிப் பாத்தேன். சத்தம் அங்கேயே இருந்துச்சு. அன்னிக்கு அம்மா கிட்ட சொல்லிட்டேன்.

ஈஎன்டி டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, டெஸ்ட் எடுக்க அனுப்பினார். ஒரு சின்ன சவுண்ட்ப்ரூஃப் ரூம். அங்க இருந்த ஆடியாலஜிஸ்ட் அக்கா ஒரு மஞ்சள் ஃபோம் துண்டை விரல்ல உருட்டி ஒல்லியாக்கினாங்க. என் காது மடலை மேல, பின்பக்கமா இழுத்து உள்ள வெச்சு, அது விரியற வரைக்கும் கையை எடுக்காமப் பிடிச்சிருந்தாங்க. ரைட் முடிச்சுட்டு லெஃப்டுக்கு வந்தப்போ, "உனக்கு இந்தப் பக்கம் துவாரம் கொஞ்சம் சின்னதுப்பா"ன்னு சொல்லி வேற சைஸ் ஃபோம் எடுத்தாங்க. அவ்ளோ சாதாரணமா சொன்னாங்க. எனக்கு உள்ள பல்ப் எரிஞ்சுது.

ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு காதும் சமமா நார்மல். ஆனா டாக்டர் "இப்போதைக்கு" அப்படிங்கற வார்த்தையை அழுத்திச் சொன்னார். ஆடியோகிராம் தாள்ல 4,000 ஹெர்ட்ஸ் இருக்கற இடத்துல பேனாவால ஒரு புள்ளி வெச்சு, "இதே மாதிரி கேட்டுக்கிட்டிருந்தா இந்தக் கோடு இங்க கீழ இறங்கும். இறங்கினா மறுபடி ஏறாது"ன்னார். அதிகச் சத்தத்தால வர்ற பாதிப்பு முதல்ல அந்த 4,000 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துலதான் தெரியுமாம். வீட்டுக்கு வந்து பத்து நாள் இயர்போன் தொடல. கொய்ங் சத்தம் மெதுவா நின்னுச்சு.

அப்புறம்தான் மேஜை டிராயரைத் திறந்தேன். 799 ரூபாய் இயர்போனோட டப்பா அப்படியே இருந்துச்சு. அதுக்குள்ள பிரிக்காத ஒரு குட்டி பிளாஸ்டிக் கவர். அதுல எஸ் சைஸ் ஒரு ஜோடி, எல் சைஸ் ஒரு ஜோடி சிலிகான் டிப். மூணு வருஷமா அங்கேயே தூங்கிட்டு இருந்திருக்கு. ரைட்ல எம் சைஸை விட்டுட்டு, லெஃப்ட்ல மட்டும் எஸ் மாட்டினேன். பேலன்ஸ் ஸ்லைடரை நடுவுல கொண்டுவந்தேன். அப்பா ஃபோன்ல வெச்சிருக்கற ஒரு கச்சேரியோட தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன்.

மிருதங்கத்துல வலந்தலை "டிங்"னு கூர்மையா பேசும், தொப்பி "கும்"னு அடியில முழங்கும். அதுவரைக்கும் என் இடது காதுக்கு அந்தக் "கும்" வந்ததே இல்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதே 799 ரூபாய் பீஸ்தான்.

இதுக்குப் பின்னாடி இருக்கற விஷயம் நாம ஃபர்ஸ்ட் இயர்லயே படிச்சதுதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் எவ்வளவு? காத்துல ஒலியோட வேகம் 343 மீட்டர், அதை 50ஆல வகுத்தா கிட்டத்தட்ட ஏழு மீட்டர். நம்ம காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஏழு மீட்டர் அலைக்கு முன்னாடி அந்தக் குழாய் ஒண்ணுமே இல்ல. அதனால பேஸ் ஒலி அங்க அலையா ஓடுறதில்ல. இயர்போன் டயஃப்ரம் உள்ள இருக்கற காத்து மொத்தத்தையும் அமுக்குது, இழுக்குது. அவ்வளவுதான்.

ஊசி போடுற சிரிஞ்சை எடுத்து, முனையை விரலால அடைச்சுக்கிட்டு அமுக்கிப் பாருங்க. எதிர்ப்பு தெரியும். விரலை லேசா நகர்த்தினா அழுத்தம் புஸ்ஸுனு போயிடும். டிப்புக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருந்தா இதேதான் நடக்கும். மெதுவா மாறுற அழுத்தம், அதாவது பேஸ், அந்த இடைவெளி வழியாக் கசிஞ்சு போயிடும். வேகமா மாறுற ட்ரெபிளுக்கு வெளியேற நேரம் கிடைக்காது, அது தப்பிச்சுடும். ஈசிஈ பசங்களுக்கு ஒரே வரி: கசிவு இருந்தா உங்க இயர்போன் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர்.

அதனாலதான் ஒரே மாடலைப் பத்தி ஒருத்தன் "பேஸ் செம"ன்னும் இன்னொருத்தன் "பேஸே இல்ல, தகர டப்பா"ன்னும் சொல்றான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஒருத்தன் காதுல அடைஞ்சிருக்கு, இன்னொருத்தன் காதுல கசியுது. நம்ம ஹாஸ்டல் சண்டைல பாதி இதுதான்.

ட்ரெபிளும் ஃபிட்டுக்கு வெளிய இல்ல. காதுக்குழாய் ஒரு பக்கம் திறந்து, ஒரு பக்கம் செவிப்பறையால மூடின குழாய். அதுக்குன்னு ஒரு ஒத்ததிர்வு உண்டு. 343-ஐ நாலு மடங்கு நீளத்தால வகுத்தா 3,400 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். நிஜக் காதுல அது 3,000-த்தை ஒட்டி இருக்கும். பிறந்ததுல இருந்து நம்ம மூளை அந்தத் தூக்கலோடதான் உலகத்தைக் கேக்குது. இயர்போனை உள்ள வெச்ச உடனே குழாயோட ரெண்டு பக்கமும் மூடிடுது, அந்த இயற்கையான தூக்கல் காணாமப் போகுது. அதனால நல்லா டியூன் பண்ற கம்பெனிகள் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேட்டை வேணும்னே வைக்கிறாங்க. இன்னும் மேல, 8,000 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல, டிப் எவ்வளவு ஆழம் போயிருக்குங்கறதைப் பொறுத்து சவுண்ட் மாறும். ரெண்டு மில்லிமீட்டர் வெளிய நின்னா "ஸ்" எல்லாம் குத்துற மாதிரி கேக்கலாம். கிராஃப் போட்டுக் காட்டுறாங்களே, அது எல்லாமே ஒரு ஸ்டாண்டர்ட் உலோகக் காதுல, குறிப்பிட்ட ஆழத்துல வெச்சு எடுத்தது. கிராஃப் பொய் இல்ல. ஆனா அந்த உலோகக் காது உங்க காது இல்ல.

இன்-இயர் வகையோட பிறப்பைப் பாத்தாலே ஃபிட்தான் ஆரம்பம்னு புரியும். 1991-ல அமெரிக்காவுல எட்டிமோட்டிக் ரிசர்ச் கொண்டுவந்த ஈஆர்-4 இந்த வகையோட முன்னோடி. அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச மீட் கில்லியன் காது கேட்கும் கருவி ஆராய்ச்சிலயே இருந்தவர். 1995-ல வான் ஹேலன் பேண்டோட டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக, அவங்க சவுண்ட் இன்ஜினியர் ஜெர்ரி ஹார்வி காது அச்சுக்குப் பொருந்தற மாதிரி மேடை இயர்போன் செஞ்சார். அதுல இருந்து வந்ததுதான் அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி. வெளிச்சத்தத்தை அடைச்சுட்டு, உள்ள குறைஞ்ச சத்தத்துலயே தெளிவாக் கேக்கணும்ங்கறதுதான் இந்தப் பொருளோட வேலை. நாம அதை அரைகுறையா மாட்டிக்கிட்டு, வெளிச்சத்தத்தோட போட்டி போட வால்யூமை ஏத்துறோம். பொருளோட நோக்கத்தையே தலைகீழா ஆக்கிட்டோம்.

இங்கதான் விஷயம் ரசனையைத் தாண்டுது. கசியற டிப் ரெண்டு பக்கமும் அடிக்குது. உள்ள இருக்கற பேஸ் வெளிய போகுது. பஸ் இன்ஜினோட உறுமலும் பேஸ்தான், அது உள்ள வருது. நம்ம கை தானா வால்யூம் பட்டனுக்குப் போகுது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலி ஆற்றல் ரெண்டு மடங்கு, அதனால நேரம் பாதி. 83-ன்னா 20 மணி, 86-ன்னா 10 மணி, 89-ன்னா 5 மணி. என் பஸ் பயணம் ஒரு நாளைக்கு இரண்டரை மணி, ஆறு நாளைக்கு 15 மணி. 86 டெசிபல்ல கேட்டாலே நான் எல்லை தாண்டியாச்சு. முழு வால்யூம்ல எவ்வளவு தாண்டியிருப்பேன்னு கணக்குப் போடப் பயமா இருக்கு.

"அப்போ 300 ரூபாய் இயர்போனும் 30,000 ரூபாய் இயர்போனும் ஒண்ணுதானா?"ன்னு கேப்பீங்க. இல்ல. டியூனிங் வேற, டிஸ்டார்ஷன் வேற, லெஃப்ட்-ரைட் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கற துல்லியம் வேற. வித்தியாசம் நிஜம்தான். ஆனா அந்த வித்தியாசம் எல்லாம் சீல் ஆன பிறகுதான் பேச வரும். கசியற டிப்போட ரெண்டு இயர்போனை ஒப்பிடறது, பஞ்சர் ஆன ரெண்டு பைக்ல எது ஸ்மூத்னு ஒப்பிடற மாதிரி.

இன்னொரு கேள்வி: "காதை முழுசா அடைச்சுட்டா ஹாரன் எப்படிக் கேக்கும்?" நியாயமான கேள்வி. ரோடு கிராஸ் பண்ணும்போதும் தண்டவாளம் கிட்ட நடக்கும்போதும் இயர்போன் காதுல இருக்கவே கூடாது, எந்த வகையா இருந்தாலும். கசியற டிப் அங்க உங்களைக் காப்பாத்தும்னு நம்பாதீங்க, முழு வால்யூம்ல அதுவும் காப்பாத்தாது. அடைப்பு உணர்வே பிடிக்கலன்னா காதோட வெளிக்குழில உக்கார்ற பழைய வகை இயர்போன் இருக்கு. பேஸ் குறையும். அதை அமைதியான ரூம்ல கேளுங்க, பஸ்ல வேண்டாம்.

சரி, என்ன பண்ணலாம்? நான் இப்போ பண்றதைச் சொல்றேன்.

முதல்ல ஃபோன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைஞ்ச வால்யூம்ல விடுங்க. ஒவ்வொரு காதாக் கேளுங்க. கேக்கும்போதே இயர்போனை விரலால மெதுவா உள்பக்கம் அழுத்துங்க. அழுத்தினப்போ "ம்ம்ம்" சத்தம் திடீர்னு பெருசானா, அதுவரைக்கும் கசிவு இருந்திருக்கு. டிப் மாத்துங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் போடணும்னு எந்தச் சட்டமும் இல்ல. பெரிய டிப் போட்டா நல்லா அடைக்கும்னும் இல்ல, மடிஞ்சு சுருங்கி இன்னும் கசியும்.

மாட்டும்போது எதிர்க் கையை தலைக்குப் பின்னாடி கொண்டுபோய் காது மடலை மேல, பின்பக்கமா இழுங்க. குழாய் நேராகும், டிப் ஒழுங்கா உள்ள போகும். சிலிகான் ஒத்து வரலன்னா ஃபோம் டிப். உருட்டி உள்ள வெச்சு, அரை நிமிஷம் பிடிச்சுக்கோங்க. ஃபோம் சீக்கிரம் தேயும், ட்ரெபிளைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனா பஸ் சத்தத்தை நல்லா அடைக்கும்.

ரெண்டு இயர்போனை ஒப்பிடணும்னா ரெண்டுலயும் சீல் இருக்கான்னு முதல்ல பாருங்க. அப்புறம் வால்யூமைச் சமமாக்குங்க. இது ரொம்ப முக்கியம். குறைஞ்ச சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் சரியாக் கேக்காதுன்னு 1933-லயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிட்டாங்க. அதனால கொஞ்சம் அதிகச் சத்தமா இருக்கற பீஸ் எப்பவும் "செம பேஸ்"னு ஜெயிச்சுடும். கடைசியா, ஒரு மணி நேரம் தொடர்ந்து போட்டுப் பாருங்க. முதல் அஞ்சு நிமிஷத்துல சொர்க்கமா இருக்கறது நாற்பதாவது நிமிஷம் காது எலும்பைக் குடையலாம். அதுவும் சவுண்ட் குவாலிட்டிதான், ஏன்னா வலிச்சா தளர்த்துவீங்க, தளர்த்தினா கசியும்.

ஒரு சுத்தம் சமாச்சாரம். நம்ம ஊர் வேர்வைல அடைச்ச காது ஈரமாவே இருக்கும், பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு உண்டு. சிலிகான் டிப்பைக் கழட்டி சோப்புத் தண்ணில கழுவி, நல்லாக் காய வெச்சு மாட்டுங்க. "மச்சி, உன் இயர்போன் கொடு, ஒரு கால் பேசிட்டுத் தர்றேன்"ங்கறவனுக்குத் தனி டிப் வெச்சுக்கோங்க. பட்ஸ் குச்சியை உள்ள விட்டுக் குடையாதீங்க, அழுக்கு இன்னும் உள்ளதான் போகும்.

போன வாரம் ஹாஸ்டல்ல ஒரு ஜூனியர் வந்து, "அண்ணா, ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு நல்ல இயர்போன் சொல்லுங்க, என்னோடது பேஸே இல்ல"ன்னான். அவனோடதை வாங்கிப் பாத்தேன். டப்பாவுல வந்த எம் சைஸ் டிப் அப்படியே மாட்டியிருந்தது. "மீதி டிப் எங்கடா?"ன்னு கேட்டேன். "மீதி டிப்பா?"ன்னான். ரெண்டு பேரும் ரூமுக்குப் போய் அவன் பெட்டியைக் கிண்டினோம். துணிக்கு அடில டப்பா, டப்பாவுல பிரிக்காத கவர். எல் சைஸ் போட்டான், ரெண்டு காதுலயும். பாட்டைப் போட்டுட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவனே வால்யூமை நாலு புள்ளி குறைச்சான்.

ரெண்டாயிரம் ரூபாய் அவன் கையில மிச்சம். உங்க டிராயரையும் ஒரு தடவை திறந்து பாருங்க.